எண் ஆளைப் பார்ப்பதில்லை

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இத்தகைய விழாக்களில் பேச அழைக்கப்படுவோர் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அந்தப் பெருமையை உணர்ந்த காரணத்தால்தான் இருபத்தைந்து ஆண்டுகளாக நீங்கள் இந்தக் கழகத்தை நடத்தி வருகிறீர்கள். உங்களிடமே அதைத் திரும்பச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். நானோ வாழ்நாளெல்லாம் கணக்குக் கற்பித்தவன். எனவே ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். அதோ, கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்:

147573952589676412927

இருபத்தோர் இலக்கங்களைக் கொண்ட எண் இது. நம் வழக்கில் சொல்வதானால் ஏறத்தாழ 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. நொடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்க 4 லட்சத்து 67 ஆயிரம் கோடி ஆண்டுகள் வேண்டும். “இத்தனை பெரிய எண்ணால் நமக்கு ஆகப்போவது என்ன?” என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் நினைப்பது என் காதில் விழுகிறது. சற்றுப் பொறுத்தருளுக. இந்த எண்ணைப் பற்றி 1644-ஆம் ஆண்டில் ஒரு பெரிய மனிதர் ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் தவறு. அது தவறு என்று தெரிய 232 ஆண்டுகள் ஆயின. அந்தத் தவற்றை எவரும் கண்ணாரக் காணும்படி காட்ட 259 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

எண்ணின் பிறப்பு

முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு வீட்டுக் குதிரில் முதல் நாள் ஒரு நெல்மணியைப் போடுகிறார்கள். இரண்டாம் நாள் இரண்டு மணி, மூன்றாம் நாள் நான்கு, நான்காம் நாள் எட்டு என்று நாள்தோறும் இரட்டித்துப் போடுகிறார்கள். இரண்டு நாள் முடிவில் குதிரில் இருப்பவை 3 மணிகள். மூன்று நாள் முடிவில் 7, நான்கு நாள் முடிவில் 15, ஐந்து நாள் முடிவில் 31. ஒவ்வொரு முறையும் மொத்தத் தொகை, மறுநாள் போட வேண்டியதைவிட ஒன்று குறைவாக இருப்பதைக் காணுங்கள். இவ்வாறு 67 நாள் போட்டால் சேரும் நெல்மணிகளின் எண்ணிக்கைதான் பலகையில் உள்ள எண். 2-ஐ 67 முறை எழுதித் தம்முள் பெருக்கி, வருவதிலிருந்து 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். இதனை 2⁶⁷−1 என்று சுருக்கமாக எழுதுவர்.

பெரிய எண் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. முழுவதும் பெருக்காமலேயே இதன் கடைசி இலக்கத்தை ஐந்தாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். இரட்டித்துக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று வந்து, மீண்டும் 2, 4, 8, 6 என்றே சுழலும். 67-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே மூன்றாவது இடத்தில் உள்ள 8-தான் கடைசி இலக்கம். அதில் ஒன்றைக் கழித்தால் 7. பலகையைப் பாருங்கள், 7-இல்தான் முடிகிறது. எவ்வளவு பெரிய எண்ணாயினும் அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பெரிய எண்ணும் நம் கைக்கு அடங்கும்.

பகா எண்ணும் என் அழிப்பானும்

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை பகா எண்கள். 15 அத்தகையதன்று, அது 3-ஐயும் 5-ஐயும் பெருக்க வருவது. அதனைப் பகு எண் என்கிறோம். சுவருக்குச் செங்கல் போல் எண்களுக்குப் பகா எண்கள். எந்த எண்ணும் பகா எண்களின் பெருக்கமாகவே அமையும். அதுவும் ஒரே ஒரு வகையில்தான் அமையும்.

இங்கே என் பள்ளிப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். 391 பகா எண்ணா, பகு எண்ணா என்று எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வினா இருந்தது. நான் வரிசையாக வகுத்துப் பார்த்து, 17-ஐ 23-ஆல் பெருக்கினால் 391 என்று கண்டு, பகு எண் என எழுதினேன். பிறகு வழக்கம்போல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்தேன். அங்கே ‘பகா எண்’ என்று அச்சாகியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடி வகுத்துப் பார்க்கவில்லை. அழிப்பானை எடுத்து என் விடையை அழித்துவிட்டுப் புத்தகத்தின் விடையை எழுதி வைத்தேன். அச்சில் வந்தது எப்படித் தவறாகும், என் போன்ற ஒருவன் கண்டது எப்படிச் சரியாகும் என்ற எண்ணந்தான்.

மறுநாள் என் ஆசிரியர் குறிப்பேட்டைப் பார்த்தார். அழித்த இடத்தில் 17, 23 என்ற தடம் மங்கலாகத் தெரிந்தது. என்னைப் பலகைக்கு அழைத்து, “இந்த இரண்டையும் பெருக்கு” என்றார். பெருக்கினேன். 391 வந்தது. “புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?” என்றார். சொன்னேன். “பலகையில் என்ன வந்திருக்கிறது?” என்றார். நான் வாய் திறக்கவில்லை. “அப்படியானால் எதை அழிக்க வேண்டும்?” என்று கேட்டார். புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்த ‘பகா’ என்ற சொல்லை என் கையாலேயே அடித்துத் திருத்தச் செய்தார். அந்த ஒரு கோடு என் வாழ்க்கையை மாற்றியது. இப்போது சொல்லப்போகும் வரலாறும் அத்தகைய ஒரு கோட்டைப் பற்றியதுதான். அங்கே திருத்தப்பட்டது மிகப் பெரிய ஒருவரின் பட்டியல்.

மெர்சென் தந்த பட்டியல்

மரேன் மெர்சென் என்பவர் பிரெஞ்சு நாட்டுத் துறவி. 1588-இல் பிறந்து 1648-இல் மறைந்தவர். பாரிஸ் நகர மடத்தில் இருந்துகொண்டு, டேக்கார்ட், ஃபெர்மா முதலிய அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில், ஒருவர் கண்டதை மற்றவர்க்குத் தெரிவிக்கும் அஞ்சல் நிலையமாக விளங்கியவர் அவர். கலிலியோவின் இயந்திரவியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் தந்தவரும் அவரே. அவரை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

அக்கால அறிஞர்களுக்கு இரட்டித்து ஒன்று கழித்த எண்களில் தனி நாட்டம் இருந்தது. 6 என்னும் எண்ணை 1, 2, 3 ஆகியவை வகுக்கும். அம்மூன்றையும் கூட்டினால் 6. 28-ஐ 1, 2, 4, 7, 14 ஆகியவை வகுக்கும், கூட்டினால் 28. இத்தகைய எண்கள் நிறைவெண்கள் எனப்படும். நம் குதிர்க் கணக்கின் மொத்தம் பகா எண்ணாக அமையும்போதெல்லாம், அதனைக் கடைசி நாளில் போட்ட மணிகளின் தொகையால் பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று கிரேக்க அறிஞர் யூக்ளிட் காட்டியிருந்தார். மூன்று நாளின் மொத்தம் 7, கடைசி நாள் போட்டது 4, பெருக்கினால் 28.

எனவே, எத்தனை நாள் போட்டால் மொத்தம் பகா எண்ணாகும் என்பதே வினா. நாள்களின் எண்ணிக்கை பகு எண்ணாயின் மொத்தமும் பகு எண்ணே என்பதை எளிதில் நிறுவலாம். நாள்களின் எண்ணிக்கை பகா எண்ணாயின்? 2, 3, 5, 7 நாள்களுக்கு மொத்தம் 3, 7, 31, 127; நான்கும் பகா எண்கள். இந்த ஒழுங்கு என்றும் தொடரும் என்று நம்பத் தோன்றும். ஆனால் 11 நாள்களின் மொத்தமாகிய 2047, 23-ஐ 89-ஆல் பெருக்க வருவது. நான்கு முறை சரியாக வந்தது ஐந்தாம் முறையும் வரும் என்பதற்கு உறுதி இல்லை. இதுவே எண்ணியல் நமக்குக் கற்பிக்கும் முதல் எச்சரிக்கை.

1644-இல் வெளியிட்ட நூலில் மெர்சென் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண் தருபவை என்பது அவர் கூற்று. நம் எண்ணுக்குரிய 67 அதில் இருப்பதைக் காண்கிறீர்கள். இதை அவர் எவ்வாறு கண்டார்? வகுத்துப் பார்த்திருக்க இயலாது. பதினைந்து, இருபது இலக்கமுள்ள எண் ஒன்று பகா எண்தானா என்று சோதிக்க எல்லாக் காலமும் சேர்ந்தாலும் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயினும் சொன்னவர் மெர்சென். எனவே அவர் பட்டியல் நூலுக்கு நூல் பயணம் செய்தது. சுவிஸ் நாட்டுக் கணித மேதை ஆய்லர் 1772-இல் 31-ஆம் அடுக்கு தரும் 2147483647 பகா எண்ணே என்று நிறுவினார். ஓரிடத்தில் பட்டியல் சரியாக இருந்தது கண்டு மற்ற இடங்களிலும் நம்பிக்கை கூடியது. 67 தன் இடத்தில் அசையாமல் இருந்தது.

வகுக்காமலே கண்ட உண்மை

1876-இல் எட்வார்ட் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் புதியதொரு சோதனையைக் கண்டார். அதனை அமெரிக்க அறிஞர் டி. எச். லெமர் 1930-இல் மேலும் செப்பம் செய்தார். செப்பம் பெற்ற வடிவத்தைச் சொல்கிறேன். கையில் காகிதம் இருப்போர் செய்து பாருங்கள்.

127-ஐச் சோதிப்போம். அது ஏழாம் அடுக்குக்கு உரியது. 4-இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி 2-ஐக் கழிக்க: 14. மீண்டும் அவ்வாறே செய்ய: 194. அது 127-ஐவிடப் பெரிது; ஆகவே 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்க: 67. அடுத்த படியில் 42. அதற்கடுத்து 111. அதற்கடுத்து மீதி 0. அடுக்கினும் இரண்டு குறைவான படிகளில், அதாவது ஐந்தாம் படியில், மீதி ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆகவே 127 பகா எண். இதே சோதனையைப் பதினோராம் அடுக்குக்குரிய 2047-க்குச் செய்தால் ஒன்பதாம் படியில் 1736 மீதியாக நிற்கும். மீதி நின்றால் அது பகு எண்.

லூக்காஸ் தம் முறையால் இரண்டு முடிபுகளைக் கண்டார். 127-ஆம் அடுக்கு தரும் 39 இலக்க எண், மெர்சென் சொன்னவாறே பகா எண். 67-ஆம் அடுக்கு தரும் நம் எண், மெர்சென் சொன்னதற்கு மாறாகப் பகு எண். 232 ஆண்டுகள் நின்ற கூற்று அன்று சாய்ந்தது.

ஆனால் இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். நம் எண் உடையும் என்று லூக்காஸ் நிறுவினாரே தவிர, எந்த இரண்டு எண்களாக உடையும் என்று சொல்ல இயலவில்லை. பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்பது திண்ணம். அவர் யார் என்பது தெரியவில்லை. லூக்காசின் நிறுவலைப் புரிந்துகொள்ளத் தக்க பயிற்சி உடையோர் மிகச் சிலர். மற்றவர்களைப் பொறுத்தவரை, முன்பு மெர்சென் சொல்லை நம்பியதுபோல் இப்போது லூக்காஸ் சொல்லை நம்ப வேண்டியதாயிற்று. எல்லோரும் கண்ணால் கண்டு தெளியும் சான்று இன்னும் வரவில்லை.

தேடலின் ஒழுங்கு

அந்த இரண்டு எண்களை எப்படித் தேடுவது? ஒரு பகு எண்ணுக்கு அதன் வர்க்கமூலத்திற்குள் ஒரு வகுத்தியாவது இருந்தே தீரும். நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,214 கோடி. ஒற்றை எண்களை மட்டும் எடுத்தாலும் 607 கோடி முறை வகுக்க வேண்டும். ஒரு மனித வாழ்நாள் போதாது.

இங்கேதான் ஃபெர்மாவின் அறிவு துணைக்கு வருகிறது. 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐ இரட்டித்துக்கொண்டே போய், 23-ஆல் வகுத்த மீதிகளை மட்டும் எழுதுவோம்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராம் படியில் 1 வந்தது. இனி மீண்டும் 2, 4, 8 என்று சுழலும். 1 வந்த இடத்தில் ஒன்றைக் கழித்தால் மீதி இல்லை. அதனால்தான் பதினோராம் அடுக்குக்குரிய 2047-ஐ 23 வகுக்கிறது. இனி ஃபெர்மா கண்ட விதியைக் கேளுங்கள். 2 நீங்கலான எந்தப் பகா எண்ணுக்கும், அதனினும் ஒன்று குறைவான படியில் இந்தச் சுழற்சி 1-இல் வந்து நிற்கும். எனவே 22 படிகளுக்குள் 11 படிச் சுழற்சி மீதியின்றி அடங்க வேண்டும். அடங்குகிறது. மற்றொரு வகுத்தியாகிய 89-ஐப் பாருங்கள். 88-க்குள்ளும் 11 அடங்குகிறது.

இதே நியாயப்படி நம் எண்ணின் வகுத்தி எதுவாயினும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 67-ஆல் வகுபட வேண்டும். அது இரட்டை எண்ணாகவும் இருக்கும். ஆதலால் 134-ஆல் வகுபட வேண்டும். 135, 269, 403 என்று 134 இடம் தாண்டித் தாண்டித் தேடினால் போதும். மேலும் ஒரு நிபந்தனை உண்டு: வகுத்தியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும். இதனால் தேட வேண்டியவற்றில் பாதி கழிந்துவிடும். இவ்வளவு சலித்த பிறகும், சிறிய வகுத்தியைச் சென்றடைய 7,22,790 எண்களைச் சோதித்தாக வேண்டும். நாளொன்றுக்கு நூறு வகுத்தல் செய்தாலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! ஆகவே இன்னும் நுண்ணிய சல்லடை தேவைப்பட்டது.

சொல்லில்லாத சொற்பொழிவு

அந்தச் சல்லடையைச் செய்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கர். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராகப் பல்லாண்டு பணிபுரிந்தவர். எந்த எண்கள் இருபடிகளை வகுத்த மீதியாக வரும், எவை வாரா என்று ஆராய்ந்து, தகாத எண்களைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளினார். எஞ்சியவற்றைச் சோதித்தார்.

1903-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நடந்தது. பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிக் கோல் உரையாற்றுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அங்கே நடந்ததைக் கணித வரலாற்று எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கோல் எழுந்து பலகைக்குச் சென்றார். ஒரு சொல்லும் பேசவில்லை. 2-ஐ 67-ஆம் அடுக்குவரை பெருக்கிக் கணக்கிட்டார். ஒன்றைக் கழித்தார். பிறகு பலகையின் வெற்றிடத்திற்கு நகர்ந்து, நம் பிள்ளைகள் பள்ளியில் செய்வது போலவே வரி வரியாகக் கீழ்க்கண்ட இரண்டு எண்களையும் பெருக்கினார்:

193707721 × 761838257287

இரண்டு பக்கத்திலும் ஒரே விடை வந்தது. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் இடத்தில் போய் அமர்ந்தார். அவையோர் கைதட்டினர். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பெல் பின்னொரு நாள் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடை கூறினாராம்.

தேடியது மூன்று ஆண்டு. காட்டியது ஒரு சில நிமிடம். நீங்களும் சரிபார்க்கலாம். முதல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள்: மீதியின்றி 1445580 வரும். இரண்டாவதற்கும் அவ்வாறே செய்யுங்கள்: 5685360129 வரும். நம் பெரியவர்கள் அறிந்த ஒன்பது தள்ளும் முறையையும் செய்து பார்க்கலாம். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. ஒன்பது தள்ள மீதி 1. இரண்டாவதைக் கூட்டினால் 64, மீதி 1. பலகையில் உள்ள பெரிய எண்ணைக் கூட்டினால் 109, மீதி 1. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று, பொருந்துகிறது. ஆனால் ஒன்பது தள்ளுவதில் பொருந்தியது மட்டுமே முழுச் சான்றாகாது என்பதை நினைவிற்கொண்டு, முழுவதையும் ஒருமுறை பெருக்கிவிடுங்கள்.

மெர்சென் பட்டியலில் பிற பிழைகளும் வெளிவந்தன. 61-ஆம் அடுக்கு பகா எண் தருவது என்று 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் கண்டார். 89, 107 ஆகியவற்றை 1911-இலும் 1914-இலும் கண்டவர் பவர்ஸ் என்பவர். அவர் கணிதப் பேராசிரியர் அல்லர். 257 தவறானது என்பது 1920-களில் வெளிப்பட்டது. 1947-இல் பட்டியல் முழுவதும் சோதித்து முடிக்கப்பட்டது. சேர்க்கத் தகாதவை இரண்டு, விடுபட்டவை மூன்று: ஆக ஐந்து பிழைகள். 61 என்பதே அச்சில் 67 ஆகியிருக்குமோ என்று கருதியவர்களும் உண்டு. அவ்வாறாயின், என் பள்ளிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திற்கு அது அண்ணன் முறை!

இதனால் பயன் என்ன?

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்ற இந்த இயல்பே இக்காலத்தில் பெரும் பயன் தருகிறது. ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர் 1977-இல் இதனை அடிப்படையாகக் கொண்டு மறைமொழி முறை ஒன்றை அமைத்தனர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணை ஊரறியச் சொல்லலாம். அவ்விரண்டும் எவை என்று பிறர் காண்பது அரிது. அரசாங்கங்களும் வங்கிகளும் தங்கள் செய்திகளைக் காக்க இத்தகைய பூட்டைப் பயன்படுத்துகின்றன. கோல் மூன்றாண்டு தேடியதைக் கணிப்பொறி இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். ஆனால் பல நூறு இலக்கமுடைய எண்கள் அதனையும் திணறச் செய்கின்றன.

வேறொன்றும் சொல்ல வேண்டும். எந்த எண்ணாயினும் அது பகா எண்ணா என்பதை நியாயமான காலத்தில் ஐயமின்றிச் சோதிக்கும் பொது வழி ஒன்று உண்டா என்பது நெடுங்காலம் தீராத வினாவாக இருந்தது. அதனை 2002-இல் தீர்த்தவர்கள் நம் நாட்டினர்: கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. அவர்களுள் பின்னிருவர் அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்த இளைஞர்கள். அக்டோபர் 2024-இல் அறிவிக்கப்பட்ட மெர்சென் வகைப் பகா எண்ணுக்கு அடுக்கு 136279841. அதன் இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல். அதைக் கண்டவர் லூக் டுராண்ட். உலகெங்கும் பலர் தம் கணிப்பொறிகளை விருப்பத்தோடு ஈடுபடுத்தும் கூட்டுத் தேடலில் அவரும் ஒருவர். இத்தகைய பகா எண்களுக்கு முடிவு உண்டா, இல்லையா என்பதை இன்னும் எவரும் நிறுவவில்லை. கதவு திறந்தே இருக்கிறது.

இளைஞர்களே! இந்த எண் எனக்குக் கற்பித்தவை இரண்டு. ஒன்று, எண் ஆளைப் பார்ப்பதில்லை. மெர்சென் சொன்னார் என்பதற்காக 193707721 தன் வேலையை நிறுத்தவில்லை. 259 ஆண்டுகளும் அது அந்தப் பெரிய எண்ணை மீதியின்றி வகுத்துக்கொண்டேதான் இருந்தது. வகுத்துப் பார்க்க ஆள்தான் இல்லை. வகுப்பவன் அரசனாயினும், அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்திருக்கும் சிறுவனாயினும் மீதி ஒன்றே. கூலிக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் ஒருவர் எழுதி நீட்டும்போது, கைந்நாட்டு வைத்த காலம் நம் பெரியோருடைய காலம். நீட்டியவர் யார் என்று பாராமல், கூட்டிப் பெருக்கிச் சரிபார்த்துக் கையெழுத்திடும் காலம் உங்களுடையதாக வேண்டும். அதில் எவர்க்கும் அவமரியாதை இல்லை. பிழை திருத்தப்பட்ட பின்னும் அந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றே பெயர் நிலைத்திருக்கிறது.

இரண்டு, தவறு என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். கோல் மேடையேறி மெர்சென்னைக் குறை கூறவில்லை. மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விலையாகத் தந்து, எவரும் மறுக்க முடியாத இரண்டு எண்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரத்திற்கு ஒரு ஞாயிறு நமக்கும் உண்டு. அதில் பாதி நாளையேனும் ஒரே பொருளில் ஊன்றி உழைப்பவர் நம்மிடையே பத்துப் பேர் தோன்றினால், இந்தக் கழகத்தின் பொன் விழாவில் பலகையில் எழுதிக் காட்ட அவர்களிடம் ஏதேனும் இருக்கும்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். இன்று நான் சொன்ன எண்களையும் என் சொல்லுக்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரவு உணவுக்குப் பின் ஒரு தாளை எடுத்து, அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறி வந்தாலும் அழிப்பானை எடுக்காதீர்கள். மீண்டும் ஒருமுறை பெருக்குங்கள். அப்போதும் மாறியே வந்தால் என்னிடம் வாருங்கள். இருவருமாகப் பலகையில் போட்டுப் பார்ப்போம். தவறு யாருடையதோ அவர் திருத்திக்கொள்வோம்.